தெருவுக்கு ஒரு வாசிப்பு வட்டம்: யாருக்கு எந்தப் புத்தகம், அது எங்கே கிடைக்கும்

வாசிப்பு வட்டம் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் புத்தகம் திரட்டுவதில்தான் ஆரம்பிக்கிறார்கள். பழைய நாவல்களும் போட்டித் தேர்வு வழிகாட்டிகளும் மூட்டை மூட்டையாக வந்து சேரும். படிக்க வரும் எட்டு வயதுப் பிள்ளைக்கும் ஐம்பது வயது அக்காவுக்கும் அவற்றில் ஒன்றும் உதவாது. தமிழில் இலவசமாகவும் மலிவாகவும் கிடைக்கும் வாசிப்பு வளங்களுக்குப் பஞ்சமே இல்லை. இன்னார் இந்த நிலையில் இருக்கிறார், அவருக்கு இது பொருந்தும் என்று பார்த்துக் கையில் கொடுக்கும் ஆள்தான் கிடைப்பதில்லை. அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் நிலையைப் பாருங்கள்

ஒரு தாளில் நான்கு பகுதிகள் எழுதிக்கொள்ளுங்கள்: வரிசை மாற்றிய பத்து எழுத்துகள், பத்து எளிய சொற்கள், நான்கு சிறு வாக்கியங்கள் கொண்ட ஒரு பத்தி, எட்டுப் பத்து வரியில் ஒரு கதை. பத்தி முதல் வகுப்பு அளவிலும் கதை இரண்டாம் வகுப்பு அளவிலும் இருக்கட்டும். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, பிள்ளைகளின் வாசிப்பை அளக்க 2005 முதல் நடத்திவரும் ‘அசர்’ கணக்கெடுப்பில் பயன்படும் முறை இது. பயிற்சி பெறாதவரும் ஐந்து நிமிடத்தில் செய்து முடிக்கலாம்.

பத்தியிலிருந்து தொடங்குங்கள். மூன்று பிழைக்கு மேல் போகாமல், வாக்கியமாகச் சேர்த்து வாசித்தால் கதையைக் கொடுங்கள். சொல் சொல்லாக நின்று நின்று போனாலோ பிழை கூடினாலோ சொற்களுக்கு இறங்குங்கள். பத்தில் ஏதாவது ஐந்து சொற்களை வாசிக்கச் சொல்லி, நான்கு சரியென்றால் அவர் சொல் நிலை. அதுவும் வராவிட்டால் ஐந்து எழுத்துகள். நான்கைச் சொல்லிவிட்டால் எழுத்து நிலை. அதற்கும் கீழே இருப்பவர் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியவர்.

இதில் இரண்டு இடங்களில் ஏமாந்துபோக வாய்ப்புண்டு. எழுத்துகளை அகர வரிசையில் எழுதினால், பாட்டுப்போல மனப்பாடமாக இருப்பதை ஒப்பித்துவிடுவார்கள். பாடப்புத்தகப் பத்தியைக் கொடுத்தாலும் அதே கதைதான். சந்தேகம் இருந்தால், இரண்டாம் வரியில் மூன்றாவது சொல்லைத் தொட்டுக்காட்டச் சொல்லுங்கள். உண்மையில் வாசிப்பவர் உடனே தொடுவார். இன்னொன்று, தனியாக உட்கார வைத்துத்தான் கேட்க வேண்டும். நாலு பேர் முன்னால் தடுமாறிய பிள்ளை மறுநாள் வராது, பெரியவர்கள் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்கள்.

எங்கே தடுக்கியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தமிழில் தடுக்கும் இடங்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றேதான். உகரக் குறி எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவது முதல் இடம். பு, சு, யு, வு ஒரு வகை, து, நு, லு, று, னு, ணு இன்னொரு வகை, மு, டு, ரு, ழு, ளு மூன்றாவது, கு தனி. க முதல் வரிசையாகச் சொல்லிக்கொடுத்தால் எல்லாம் குழம்பும். ஒரு நாளைக்கு ஒரு வகை என்று பிரித்து, புறா, சுவர், புலி என்று அந்த வகைச் சொற்களை மட்டும் கொடுத்தால் ஒரு வாரத்தில் பிடிபடும். அடுத்தது ஒகர, ஓகாரக் குறிகள். எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறி வருவதால் ‘கொடி’யைக் ‘கெடி’ என்றோ ‘காடி’ என்றோ வாசிப்பார்கள். நடுவில் ‘க’ அட்டை, இரு பக்கமும் கொம்பு அட்டையும் கால் அட்டையும் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்தும் வைத்தும் வாசிக்கச் சொல்லுங்கள். ல, ள, ழ உச்சரிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தொடக்கத்திலேயே அதைத் திருத்தப் போனால் வாசிப்பு நின்றுவிடும்.

பிள்ளைகளுக்கு

பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. யாரும் பகிரலாம் என்று அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாவதால் அச்சடித்துக் கொடுக்கவும் தடையில்லை. எழுதியவர், வரைந்தவர் பெயர் உள்ள பக்கத்தை மட்டும் விடாமல் சேர்த்து அச்சிட வேண்டும். சொல் நிலையில் இருப்பவருக்கு முதல் நிலைக் கதை, பத்தி நிலைக்கு இரண்டாம் நிலை என்று தொடங்கலாம். அச்சிடும்போது ‘புக்லெட்’ அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும், இல்லையென்றால் கடைசியில் வெற்றுப் பக்கம் விழும். சாதாரண ஜெராக்ஸ் தாளில் இருபக்கமும் அடித்தால் மறுபக்கப் படம் தெரியும். சற்றுத் தடித்த 100 ஜிஎஸ்எம் தாள் கேளுங்கள். மடிப்பின் நடுவில் இரண்டு பின் அடிக்க நீளக் கை ஸ்டேப்ளர் வேண்டும், அது அச்சுக் கடையிலேயே இருக்கும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேறொரு வழியும் உண்டு. பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் பள்ளிகளுக்குத் தரப்பட்டுள்ளன. ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களும் துறை வெளியிட்டவையே. இவை பல பள்ளிகளில் அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன; கிழித்துவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம்தான் காரணம். தலைமை ஆசிரியரைப் பார்த்து, வட்டத்தின் பெயரில் ஒரு பதிவேடு வைத்து, வாரம் பத்துப் புத்தகம் எடுத்துப்போய்த் திருப்பித் தருகிறோம் என்று கேளுங்கள். பொறுப்பேற்க ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் பூட்டு திறக்கும். கொஞ்சம் பணம் சேர்ந்தால் நேஷனல் புக் டிரஸ்டின் தமிழ்ச் சிறுவர் நூல்களை வாங்குங்கள். 1957-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம், விலையும் குறைவு.

வீட்டுக்குக் கொடுக்கும் புத்தகம் பிள்ளையின் நிலைக்கு அரைப்படி கீழே இருக்கட்டும். ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள், தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போது வேண்டாம்.

நாற்பது நிமிடக் கூடுகை போதும். நீங்கள் வரிக்கடியில் விரல் வைத்துப் பத்து நிமிடம் வாசிப்பது, இருவர் இருவராகப் பதினைந்து நிமிடம், தனியாகப் பத்து நிமிடம், கடைசியில் யாராவது ஒருவர் தான் படித்ததைச் சொல்வது. வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு பத்தி வாசிப்பதை மட்டும் செய்யாதீர்கள். இருபது பேர் இருந்தால் ஒருவருக்கு இரண்டு நிமிடம்தான் வாய்க்கும், மீதி நேரம் முழுக்கத் தன் முறை எப்போது வருமோ என்ற பதற்றம்.

பெரியவர்களுக்கு

பெரியவர்கள் பாதியில் நின்றுவிடுவதற்குக் கண்தான் பெரும்பாலும் காரணம். நாற்பது வயதுக்கு மேல் வெள்ளெழுத்து வந்துவிடும். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு “எனக்கு மண்டையில ஏறல தம்பி” என்பார்கள். தாளை முகத்திலிருந்து தள்ளித் தள்ளிப் பிடிக்கிறார்களா என்று முதல் நாளே பாருங்கள். அரசு மருத்துவமனையிலோ இலவசக் கண் முகாமிலோ சோதித்துக் கண்ணாடி போட்ட பிறகே வகுப்பைத் தொடருங்கள். எழுத்தின் அளவு 18 புள்ளிக்குக் (பாயின்ட்) குறையாமல் இருக்கட்டும், விளக்கு இடது தோள் பக்கத்திலிருந்து விழட்டும்.

அழைக்கும் விதமும் முக்கியம். ‘எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வரலாம்’ என்று தட்டி வைத்தால் ஒருவரும் வரமாட்டார்கள். “அக்கா, ரேஷன் கடை மெசேஜை நீங்களே வாசிச்சிடலாம், சாயங்காலம் வாங்க” என்றால் வருவார்கள். பாடமும் அப்படியே அமையட்டும்: பேருந்துப் பலகை, கரண்ட் பில், நூறுநாள் வேலை அட்டை, வங்கிச் செலான், மாத்திரை அட்டையில் உள்ள காலாவதித் தேதி. 1991-இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி இயக்கம் இதை நன்றாக அறிந்திருந்தது. அதன் பாடநூல் அணில், ஆடு என்று ஆரம்பிக்காமல் பட்டா, படி என்ற சொற்களில் ஆரம்பித்தது. நிலத்துக்குப் பட்டா கேட்டு அலைந்தவர்களுக்கு அந்தச் சொல்லை வாசிப்பதே தனி பலம். ப, ட, டி, டு என்று நான்கு எழுத்தும் ஒரு காலும் ஒரு புள்ளியும் தெரிந்தாலே பட்டா, பாட்டி, பாட்டு என்று விரித்துக்கொண்டு போகலாம். இன்றைக்கும் பெரியவர்களுக்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை. கையெழுத்துப் போட வந்ததும் நிறுத்திவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. கையெழுத்து ஒரு படம் வரைவதாகவே நின்றுவிடும், வாசிப்பு வராது.

15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் 2027 வரையிலானது. தமிழ்நாட்டில் பள்ளிசாரா மற்றும் வயதுவந்தோர் கல்வி இயக்ககம் அதை நடத்துகிறது. அருகிலுள்ள அரசுத் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கற்போர் பெயரையும், தன்னார்வலராக உங்கள் பெயரையும் பதியலாம். முடிவில் வாசிப்பு, எழுத்து, எண் என்று தலா 50 மதிப்பெண்ணுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருவார்கள். அந்தத் தாளைக் கையில் வாங்கும்போது பெரியவர்கள் முகத்தில் வரும் பெருமிதம் சாதாரணமானதல்ல. முடிந்தவரை எல்லோரையும் தேர்வுக்கு அனுப்புங்கள்.

பார்வைக் குறை உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும்

அச்சை வாசிக்க முடியாதவர்களுக்கான சுகம்ய புஸ்தகாலய இணைய நூலகம் 2016-இல் தொடங்கியது. மாற்றுத்திறனாளிச் சான்று காட்டி உறுப்பினராகிவிட்டால், கேட்டு வாசிக்கும் வடிவில் நூல்களை இறக்கிக்கொள்ளலாம். பார்வை மங்கிய முதியவர்களுக்குக் கைபேசியே போதும். அமைப்புகளில் தமிழ்க் குரலைப் பதிவிறக்கி, மின்னூலைச் சத்தமாக வாசிக்க வைக்கலாம். ஆனால் ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம்தான், குரல் அதை வாசிக்காது. பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு வாய்க்கு வந்தபடி உளறும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் உள்ள நூல்தான் வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய மின்னூல் தொகுப்பிலும், ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்திலும் அப்படிப்பட்ட நூல்கள் இலவசமாக இருக்கின்றன. இலங்கை நூல்களுக்கும் இதழ்களுக்கும் ‘நூலகம்’ என்ற இணையதளத்துக்குப் போங்கள். பெரும்பாலும் ஸ்கேன் என்பதால் அவை கண்ணால் வாசிப்பவர்களுக்கே உதவும்.

எவ்வளவு முயன்றும் வாசிப்பு வராத பிள்ளை

வாரம் ஐந்து நாள் ஒழுங்காக வந்து, மூன்று மாதமாகியும் எழுத்து நிலையிலேயே நிற்கிறதா? சோம்பேறி என்று முத்திரை குத்தாதீர்கள், டிஸ்லெக்சியா (வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு) என்று நீங்களாகவே பெயரும் வைக்காதீர்கள். முதலில் கண், காது சோதனை. பிறகு பள்ளிக் கல்வித்துறையின் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநரைப் பாருங்கள். மாவட்ட அளவில் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கண்டறிந்து உதவும், அரசு மருத்துவமனையோடு இணைந்த இடையீட்டுச் சேவை மையமும் உண்டு. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இதற்காகவே இயங்குகிறது. கற்றல் குறைபாடு உறுதியானால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும். அதற்கான சான்றைப் பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்வரை தள்ளிப்போடக் கூடாது.

ஊர் நூலகத்தை விட்டுவிடாதீர்கள்

தமிழ்நாட்டில் பொது நூலகச் சட்டம் 1948-இலேயே வந்துவிட்டது. சொத்து வரி கட்டும்போதெல்லாம் நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், ஆகவே அது நம் காசில் நடக்கும் இடம். அடையாள, முகவரிச் சான்றும் சிறு வைப்புத்தொகையும் கொடுத்து உறுப்பினராகலாம். கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, காலையும் மாலையும் மட்டும் திறந்திருப்பவை நிறைய. நேரம் கேட்டுவிட்டுப் போங்கள். அங்கேயே வாசகர் வட்டம் என்ற அமைப்பு இருக்கும். அதில் சேர்ந்துவிட்டால் கூடுகையை நூலகத்திலேயே நடத்த நூலகர் வழியாக மாவட்ட நூலக அலுவலரிடம் அனுமதி வாங்குவது எளிது. ஊரில் வசதியுள்ளவர்களை 1000 ரூபாய் கட்டி நூலகப் புரவலராகச் சேரச் சொல்லுங்கள்.

இரவல் பதிவேட்டில் தேதி, பெயர், புத்தகம், திரும்பிய தேதி என்று நான்கு கட்டம் போதும். கிழிந்தாலும் தொலைந்தாலும் அபராதம் வாங்காதீர்கள். ஒரு தடவை வாங்கினால் வீட்டில் புத்தகத்தை மேலே பரணில் வைத்துவிடுவார்கள், பிள்ளை தொடவே முடியாது. மாதம் ஒருமுறை பசையும் ஒட்டுத்தாளும் வைத்துப் பிள்ளைகளையே ஒட்டச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே நான்கு பகுதித் தாளை, புதிய பத்தியும் புதிய கதையும் எழுதி, மறுபடி எடுத்துப் பாருங்கள். யாருக்குப் புத்தகம் மாற்ற வேண்டும் என்பது அதில் தெரிந்துவிடும்.