சிங்கப்பூர் பி.ஆர்.: விண்ணப்பிக்கும் முன் மதுரையில் முடிக்க வேண்டிய வேலைகள்

சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு, அங்கேயே நிரந்தரவாசம், அதாவது எல்லோரும் சொல்லும் பி.ஆர்., வாங்க நினைக்கும் மதுரை, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பகுதியினர் பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்தை எண்ணித்தான் கவலைப்படுகிறார்கள். படிவத்தை இணையத்தில் ஓரிரு மாலைப்பொழுதில் நிரப்பிவிடலாம். மாதக்கணக்கில் நாளை இழுப்பவை ஊரில் இருக்கும் காகிதங்களே. ஆகவே விண்ணப்பிக்க முடிவு செய்தவர் அடுத்த விடுப்பில் ஊருக்கு வரும்போது, அல்லது ஊரிலிருக்கும் அண்ணன் தம்பியிடம் பொறுப்பை ஒப்படைத்து, முதலில் அவற்றைச் சீர் செய்துகொள்ள வேண்டும்.

அதற்கும் முன்னால் தகுதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸ் (நிர்வாக, தொழில்முறை வேலைகளுக்கான அனுமதி) அல்லது எஸ் பாஸில் (இடைநிலைத் திறனாளர்களுக்கான அனுமதி) வேலை செய்பவர் தம் பெயரில் விண்ணப்பிக்கலாம். சட்டப்படியான மனைவியையும் 21 வயதுக்குட்பட்ட, திருமணமாகாத பிள்ளைகளையும் அதே விண்ணப்பத்தில் சேர்க்கலாம். சிங்கப்பூர்க் குடிமகனையோ நிரந்தரவாசியையோ மணந்தவர்களுக்கும், அங்கே படிக்கும் மாணவர்களில் சிலருக்கும் தனி வழிகள் உண்டு. கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கு அந்த பெர்மிட்டை மட்டும் வைத்து விண்ணப்பிக்க இடமில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இந்த பெர்மிட்டில்தான் போகிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: ஒர்க் பெர்மிட்டுக்கே பி.ஆர். வாங்கித் தருவதாக எவரேனும் முன்பணம் கேட்டால், கொடுக்க வேண்டாம்.

இனி காகிதங்கள். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் உள்ள பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். மு. அழகர்சாமி என்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் 'அழகர்சாமி எம்' என்று இனிஷியலோடு இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து, தந்தை பெயரான முத்தையா குடும்பப் பெயருக்கான கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். ஆங்கில எழுத்தில் ழகரத்துக்கு ஒரு சான்று ஒற்றை 'எல்' போட்டிருக்கும், மற்றொன்று 'இசட் எச்' போட்டிருக்கும். நமக்கு இது ஒரே ஆள் என்பது பார்த்தவுடன் தெரியும். நம் இனிஷியல் வழக்கம் அறியாத அலுவலருக்கு இவை இரண்டு மூன்று ஆட்களின் பெயர்கள். இனிஷியல் விரிவும் எழுத்துக் கூட்டலும் மட்டும் மாறியிருந்தால், இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒருவரையே குறிக்கின்றன என்று ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, நோட்டரி வழக்கறிஞரிடம் கையொப்பமும் முத்திரையும் பெற்று இணைக்கலாம். பெயரே வேறாக இருந்தால், தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு, பாஸ்போர்ட்டையும் திருத்திக்கொண்ட பிறகு விண்ணப்பிப்பதே நல்லது. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதை நோக்கிக் கொண்டுவர வேண்டும்.

பிறப்புச் சான்றிதழில்தான் அதிகம் பேர் தடுக்கி நிற்கிறார்கள். பதிவு எங்கே இருக்கிறது என்பதே முதல் கேள்வி. பிறப்பு நிகழ்ந்த இடத்தில்தான் பதிவு இருக்கும். சொந்த ஊரில் இருக்காது. நம் வழக்கத்தில் தலைப்பிள்ளை தாயாரின் பிறந்த வீட்டில் பிறப்பது இயல்பு என்பதால், அப்பா ஊரான வாடிப்பட்டியில் தேடிக்கொண்டிருக்கும் பதிவு அம்மா ஊரான திருப்புவனத்தில் இருக்கக்கூடும். கோரிப்பாளையத்து அரசு இராசாசி மருத்துவமனையைப் போல மதுரை நகருக்குள் பிறந்தவர் மாநகராட்சியை அணுக வேண்டும். கிராமத்தில் வீட்டிலேயே பிறந்தவர்களின் பழைய பதிவை அந்தப் பகுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடிப் பார்க்க வேண்டும். பிறந்த தேதி, தாய் தந்தை பெயர், பிறந்த ஊர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினால், ஊரிலிருப்பவருக்குத் தேடுவது எளிது.

பதிவு கிடைத்த பிறகும் வேலை முடிவதில்லை. பிரசவம் ஆன சில நாளில், பெயர் சூட்டும் முன்பே பதிந்திருப்பார்கள். அதனால் பாலினம் என்ற இடத்தில் 'ஆண்' என்றும், பெயர் என்ற இடத்தில் வெறும் கோடும் இருக்கும். பெயரில்லாத சான்றிதழால் பயனில்லை. பதிவு நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் செலுத்தியும் பெயர் சேர்க்க விதி இருக்கிறது. அதைவிடப் பழைய பதிவுகளுக்கு அரசு அவ்வப்போது கால நீட்டிப்பு அளித்திருப்பதால், இப்போது வாய்ப்பு திறந்திருக்கிறதா என்று அந்த அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். பதிவே இல்லையென்றால், 'பதிவு இல்லை' என்ற சான்றைப் பெற்று, வருவாய்க் கோட்டாட்சியரிடம் தாமதப் பதிவுக்கான ஆணை கேட்டு மனுச் செய்ய வேண்டும். இதற்கு எத்தனை வாரம் ஆகும் என்று முன்கூட்டிக் கணக்கிட முடியாது. ஆகவே முதலில் தொடங்க வேண்டிய வேலை இதுவே.

இன்னொரு சிக்கலையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். பள்ளியில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டிக் கொடுத்த வீடுகள் நம் பக்கம் ஏராளம். அப்படிக் கொடுத்த தேதியே பத்தாம் வகுப்புச் சான்றிலும் பாஸ்போர்ட்டிலும் நிலைத்துவிட, பிறப்புப் பதிவேட்டில் வேறு தேதி இருக்கும். இதை மறைக்கவோ, ஒரு சான்றைத் தவிர்த்துவிட்டு மற்றதை மட்டும் காட்டவோ முயலக்கூடாது. குடிநுழைவு விண்ணப்பத்தில் பொய்த் தகவல் தருவது சிங்கப்பூரில் குற்றம், பின்னாளில் தெரியவந்தாலும் நிரந்தரவாசம் ரத்தாகலாம். பதிவேட்டில் இருப்பதே தவறென்றால் 1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி திருத்தம் கேட்கலாம். பள்ளியில் கொடுத்த தேதி தவறென்றால், ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு பாஸ்போர்ட்டைச் சரிசெய்வது பற்றி முடிவெடுத்த பிறகே விண்ணப்பத்தைத் தொடுங்கள்.

திருமணச் சான்றைப் பொறுத்தவரை, திருப்பரங்குன்றத்தில் தாலி கட்டியபோது தேவஸ்தானம் கொடுத்த ரசீதும் அழைப்பிதழும் புகைப்படமும் போதா. சார்பதிவாளர் வழங்கிய சான்றிதழ் வேண்டும். 2009-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியது. அதற்கு முந்தைய இந்துத் திருமணங்களை இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ் இப்போதும் பதியலாம். அப்போது அந்த ரசீதும் அழைப்பிதழும் கைகொடுக்கும். மனைவியின் பெயரையும் கவனியுங்கள். திருமணத்துக்குப் பின் ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் இனிஷியல் கணவர் பெயருக்கு மாறியிருக்க, படிப்புச் சான்றுகளில் தந்தை இனிஷியலே இருக்கும்.

கல்விச் சான்றுகளில் தற்காலிகச் சான்றோடு நிற்காமல் பட்டமளிப்புச் சான்றையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுப் பட்டத்தை வாங்காமலே வேலைக்குப் போனவர்கள் இந்த விடுப்பிலேயே நாகமலை பக்கம் ஒரு நடை போய்வருவது நல்லது.

தமிழில் மட்டும் இருக்கும் சான்று ஒவ்வொன்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அதை நோட்டரி சான்றொப்பமிட்டிருக்க வேண்டும், அல்லது சிங்கப்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்தின் சான்று பெற்றிருக்க வேண்டும். மதுரை நீதிமன்ற வளாகத்தில் நோட்டரிகள் கிடைப்பது எளிது; முத்திரையில் பதிவு எண் தெளிவாகப் பதிந்திருக்கிறதா, மொழிபெயர்ப்பில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துக் கூட்டலில் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்து வாங்க வேண்டும். படிவம் கேட்காத முத்திரைகளுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் கையில் வந்தபின், சிங்கப்பூர் அரசின் இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கின் மூலம் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஊதியச் சீட்டுகளோடு, முதலாளி நிரப்பிக் கையொப்பமிட வேண்டிய இணைப்புப் படிவமும் உண்டு. நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிடம் அதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கட்டணம் திரும்பக் கிடைக்காது. ஆணையம் எந்த முகவரையும் நியமிக்கவில்லை. படிவத்தைத் தாமே நிரப்ப இயலும் ஒருவர் வேறொருவருக்குப் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மகன் இருக்கும் குடும்பம், அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் உட்கார்ந்து பேச வேண்டும். தம் வேலையின் அடிப்படையில் பி.ஆர். பெறும் தந்தைக்குத் தேசிய சேவை எனப்படும் கட்டாய இராணுவப் பணியிலிருந்து விலக்கு உண்டு. அவர் மூலம் பி.ஆர். பெறும் மகன் பதினாறரை வயதில் பதிவு செய்து, பின்னர் இரண்டு ஆண்டு முழுநேரச் சேவை ஆற்ற வேண்டும். சேவை செய்யாமல் பி.ஆரை விட்டுவிட்டால், அவன் பிற்காலத்தில் அங்கே படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பிக்கும்போது அது பாதிக்கும். ஊரிலிருக்கும் பெற்றோர் கேட்கும் கேள்வி வேறு: பூர்வீக வயல் என்னாகும்? பி.ஆர். வாங்கியவர் இந்தியக் குடிமகனாகவே தொடர்கிறார், பாஸ்போர்ட்டும் மாறுவதில்லை. வெளிநாட்டில் வாழும்வரை விவசாய நிலத்தைப் புதிதாக விலைக்கு வாங்கத்தான் தடை. பரம்பரையாக வருவதற்கு இல்லை.

முடிவு வரப் பல மாதங்கள் ஆகலாம். மறுத்தால் காரணம் சொல்லமாட்டார்கள். அனுமதித்தால் மருத்துவப் பரிசோதனையும் மற்ற நடைமுறைகளும் முடித்து நீல அடையாள அட்டை பெறலாம். அதன்பின் ஊதியத்தில், ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதிக்கும் பிடித்தம் தொடங்கும்: முதல் ஆண்டில் குறைவாகவும், மூன்றாம் ஆண்டிலிருந்து முழு விகிதத்திலும். அட்டையோடு தரப்படும் மறுநுழைவு அனுமதிக்குக் காலவரம்பு உண்டு. அது செல்லாத நிலையில் சிங்கப்பூருக்கு வெளியே இருந்தால் நிரந்தரவாசமே பறிபோகக்கூடும் என்பதால், சித்திரைத் திருவிழாவுக்கோ வீட்டு விசேஷத்துக்கோ மதுரை விமானத்துக்குச் சீட்டு எடுக்கும் முன், திரும்பும் நாள் வரை அது செல்லுமா என்று பார்த்து, தேவையானால் புதுப்பித்துக்கொண்டு கிளம்புங்கள்.