வேன் கண்ணாடியில் வியர்க்கிறதா?

வேனையே வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்களுக்குக் குளிர்காலக் காலைகளில் ஒரு தொல்லை உண்டு. கண் விழித்தால் கண்ணாடியெல்லாம் நீர் வழியும். தலையணை ஓரம் சில்லென்று நனைந்திருக்கும். கூரை ஒழுகுகிறது என்று நினைத்து நான் இரண்டு நாள் ஓட்டை தேடியிருக்கிறேன். குற்றவாளி கூரையல்ல, என் மூச்சுதான். இரவெல்லாம் விடும் மூச்சிலுள்ள ஈரம், குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகிவிடுகிறது.

குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் இறுக மூடுவதுதான் தவறு. ஒரு ஜன்னலை விரலளவு திறந்து வையுங்கள். கூரையில் திறப்பு இருந்தால் அதையும் சற்றே தூக்கிவிடுங்கள். கீழே நுழையும் காற்று ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு மேலே வெளியேறும். கேஸ் எரியும்போதும் நீராவி உண்டாகிறது. அதனால் சமைக்கும்போது இன்னும் அகலமாகத் திறக்க வேண்டும். அடைத்த வண்டிக்குள் அடுப்பு எரிப்பது உயிருக்கே ஆபத்து. அப்போது உண்டாகக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு மணம் கிடையாது.

மெத்தையின் அடிப்பக்கத்தை அவ்வப்போது தூக்கிப் பாருங்கள். பூஞ்சை முதலில் குடியேறுவது அங்கேதான்.

இரவு நிறுத்தும்போதே முன்கண்ணாடி கிழக்கைப் பார்க்கும்படி நிறுத்துவேன். மிச்ச ஈரத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். பிளாஸ்க்கில் முந்தின இரவே வெந்நீர் ஊற்றி வைத்திருந்தால் அடுப்பைத் தொடாமலே தேநீர் தயார். கதவைத் திறந்து, படியில் கால்களைத் தொங்கவிட்டு, கண்ணாடியில் பனிப்படலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதைப் பார்த்தபடியே குடிக்கலாம். நான் இரண்டு கோப்பை குடிப்பேன்.