நானோ கம்பிக்கு டெராஹெர்ட்ஸ் புலம்: வீட்டுக் கணினியில் ஓட்டும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் (குடியிருப்பு) வீட்டில், ஒரே மேசைக் கணினியை வைத்து ஃபெர்ரோமின் கம்பியை (தானாகவே மின் முனைவாக்கம் கொண்டது, மின்புலத்தால் அதைத் திருப்பலாம்) சிமுலேஷன் செய்வதென்றால், கம்பியின் பருமனுக்கு முன் அதன்மேல் செலுத்தும் மாறு மின்புலத்தின் அதிர்வெண்ணை முடிவு செய்யுங்கள். காலப்படி (கணினி ஒரு தடவையில் முன்னேறும் நேரம்) 0.2 ஃபெம்டோ வினாடி என்றால் 1 டெராஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 5,000 படி. 1 கிகாஹெர்ட்ஸில் அதே ஒரு சுற்றுக்கு 50 லட்சம். கிகாஹெர்ட்ஸ் ஆசையைப் பெரிய கணினி கிடைக்கும்வரை ஒத்திப்போடுங்கள்.

பொருள் பேரியம் டைட்டனேட், மென்பொருள் லாம்ப்ஸ் (LAMMPS, அணுக்களின் அசைவைக் கணக்கிடுவது), கரு–ஓடு மாதிரி: ஒவ்வோர் அணுவும் வில்லால் இணைந்த கரு, ஓடு என்ற இரு துகள்கள். 10×10×20 அலகுக்கூடு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு பெட்டி) எடுத்தால் சுமார் 4×4×8 நானோமீட்டர், 10,000 அணு. ஓடுகளோடு 20,000 துகள். நீளவாக்கில் சுழல் எல்லை (ஒரு முனையில் வெளியேறும் அணு மறுமுனையில் நுழையும்), பக்கங்களில் 3 நானோமீட்டர் வெற்றிடம். நான்கு பக்கமும் பேரியம் ஆக்சைடாக இருந்தால் அழகு என்று கூடுதல் அடுக்கு ஒட்டாதீர்கள்: கூடு நீளத்துக்கு +2 மின்னூட்டம் மிஞ்சும். முழுக் கூடுகளாகவே அடுக்குங்கள்.

300 கெல்வினில் 20 பிக்கோ வினாடி அமைதிப்படுத்திய பிறகே புலம். சென்டிமீட்டருக்கு 1 மெகாவோல்ட் என்பது லாம்ப்ஸின் 'மெட்டல்' அலகில் 0.01. இங்கே நூறு மடங்கு தவறினால் கம்பி சிதறிவிடும்.

வெப்பநிலைதான் அதிகம் ஏமாற்றும். வெப்பநிலைக் கட்டுப்படுத்தியின் தளர்வு நேரத்தை (வெப்பநிலையைத் திருத்த அது எடுக்கும் நேரம்) 0.1 பிக்கோ வினாடி வைத்தால், அது புலத்தோடு போட்டி போட்டு அயனிகளின் ஆட்டத்தை அடக்கும். கட்டுப்பாடே இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றிலும் தயக்கக் கண்ணியின் (புலத்துக்கு எதிராக முனைவாக்கத்தை வரைந்தால் வரும் மூடிய வளைவு) பரப்பளவு வெப்பமாகும். கம்பி கியூரி வெப்பநிலையைத் தாண்டிவிட்டால் (நிஜப் பொருளில் சுமார் 120 பாகை செல்சியஸ்) முனைவாக்கம் மறையும். அதை 'அதிர்வெண் விளைவு' என்று எழுதிவிடுவது சுலபம். அதனால் தளர்வு நேரத்தை ஒரு பிக்கோ வினாடிக்குமேல் வையுங்கள். வெப்பநிலையைக் கரு–ஓடு இணையின் நிறைமையத்தைக் கொண்டே கணக்கிடுங்கள்.

முனைவாக்கத்தைக் கம்பியின் கன அளவால் வகுக்க வேண்டும், பெட்டியின் கன அளவால் அல்ல. மடிக்காத ஆயங்களையே (எல்லையைத் தாண்டினாலும் பெட்டிக்குள் திருப்பிவிடாத இட எண்கள்) எடுங்கள்; இல்லையேல் எல்லையைத் தாண்டும் ஓர் அயனி வரைபடத்தில் செங்குத்தாகக் குதிக்கும். முதல் ஐந்து சுற்றுகளைத் தள்ளிவிடுங்கள். கண்ணி மெலிந்த நீள்வட்டமாக வந்தால் முனைவாக்கம் திரும்பவில்லை, புலத்துக்குப் பின்தங்கி ஆடுகிறது, அவ்வளவே.

மாலை இடிமழைக்கு மெயின் சுவிட்ச் விழும் ஊர் இது. 50,000 படிக்கு ஒருமுறை மீள்தொடக்கக் கோப்பு எழுதுங்கள். அதில் படி எண் இருக்கும், நீங்கள் எழுதிய மாறிகள் இருக்காது. சைன் அலையின் நேரத்தை மொத்தப் படி எண்ணிலிருந்து கணக்கிட்டால்தான் விட்ட இடத்திலிருந்து அலையின் கட்டம் (phase) தொடரும்.