நேற்று ராத்திரி இந்த வழியாகப் போனது யார்?

எங்கள் ஏரிக்கரையில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, தரையைப் பார்த்துக்கொண்டே, "ராத்திரி ஒரு நரி வந்திருக்கு தம்பி, பட்டி வரைக்கும் போயிருக்கு, அப்புறம் என்னாச்சோ அப்படியே திரும்பிடுச்சு" என்றார். நானும் அதே தரையைத்தான் பார்த்தேன். புழுதியும் ஆட்டுக் குளம்பும் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. பிறந்து வளர்ந்த ஊர், காவேரிப்பட்டணத்துக்கும் தென்பெண்ணைக்கும் நடுவில், தினமும் நடந்த கரை, அதில் யார் வருகிறார்கள் போகிறார்கள் என்பதே தெரியாமல் இத்தனை வருடம் இருந்திருக்கிறேன். ஒரே இடத்தில் உட்கார்ந்து கவனிப்பது, தடம் பார்ப்பது, நோட்டில் குறித்து வைப்பது: அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம் இது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்கள் யாரும் செலவில்லாமல் செய்யலாம் என்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் இடம். காட்டுக்குப் போக வேண்டாம், ஒகேனக்கல்லுக்கும் போக வேண்டாம். வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் நடந்து போய்ச் சேரக்கூடிய ஓர் இடம் போதும்: ஏரிக்கரைப் புளியமரம், மாந்தோப்பின் ஓரம், கிணற்றடி, பாறைக்குன்றின் அடிவாரம், எதுவாக இருந்தாலும் சரி. தூரமான அழகான இடத்தைத் தேர்ந்தெடுத்தால் மூன்றாவது நாள் போக மாட்டீர்கள். தண்ணீர், மரம், வெட்டவெளி இந்த மூன்றில் குறைந்தது இரண்டு சேர்கிற இடமாக இருந்தால் நல்லது, ஏனென்றால் அந்த ஓரங்களில்தான் நடமாட்டம் அதிகம். பிறகு அந்த இடத்தை மாற்றாதீர்கள். ஒரே இடத்துக்கு நாற்பது தடவை போவதும் நாற்பது இடங்களுக்கு ஒவ்வொரு தடவை போவதும் ஒன்றல்ல. எது வழக்கம் என்று தெரிந்தால்தானே எது புதிது என்று தெரியும்.

போய் உட்காருங்கள். முதுகை மரத்தில் சாய்த்துக்கொண்டால் உங்கள் உருவம் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியாது. வெள்ளை வேட்டி, பளீரென்ற சட்டை வேண்டாம், மண் நிறம் அல்லது மங்கிய பச்சை போதும். மொபைலை அணைத்துவிடுங்கள். நீங்கள் நடந்து வந்ததில் எல்லாம் பறந்து ஒளிந்திருக்கும், அதனால் முதல் பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒன்றுமே நடக்காதது போலத்தான் இருக்கும். இந்த நேரத்தில்தான் பெரும்பாலானவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். இன்னும் பத்து நிமிடம் பொறுத்தால் முதலில் அணில் இறங்கும், அப்புறம் தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைக் கிளறிக்கொண்டு வரும், பிறகு நீங்கள் அங்கே இருப்பதையே மறந்துவிடுவார்கள். எனக்கு முதல் வாரம் முழுக்க ஒரு காகத்தைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. எட்டாவது நாள் ஒரு கீரி நான் நீட்டியிருந்த காலுக்கு இரண்டு முழம் தள்ளி நடந்து போனது.

கண்ணை ஒரே புள்ளியில் குத்தாமல், எதிரே இருக்கும் ஒரு கிளையைப் பார்த்தபடியே இரண்டு பக்க ஓரங்களிலும் என்ன அசைகிறது என்று கவனியுங்கள். அசைவை ஓரப்பார்வைதான் முதலில் பிடிக்கும். காதுக்கு இன்னொரு பயிற்சி: நோட்டில் ஒரு வட்டம் போட்டு நடுவில் உங்களை ஒரு புள்ளியாக வையுங்கள், எந்தத் திசையிலிருந்து எந்தச் சத்தம் வருகிறதோ அங்கே ஒரு குறி. பெயர் தெரியாவிட்டால் கேட்டபடி எழுதுங்கள், "ட்ரூ ட்ரூ", "கீச்", எதுவானாலும். பத்து நிமிடத்தில் பக்கம் நிறைந்துவிடும்.

சத்தத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், எனக்கு இதில் ஆசை அதிகம். பறவைகள் சும்மா கத்துவதும் பயந்து கத்துவதும் வேறு வேறு. அணில் ஒரே தாளத்தில் நிறுத்தாமல் கத்திக்கொண்டே இருந்தால் கீழே பூனையோ பாம்போ இருக்கலாம். ஆட்காட்டிப் பறவை பெயருக்கு ஏற்றபடி ஆளைக் காட்டிக்கொடுக்கும், வெட்டவெளியில் யார் வந்தாலும், அது மனிதனோ நாயோ, தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தும். கரிச்சான் ஒன்று பருந்தைத் துரத்திக்கொண்டு போனால் பக்கத்தில் அதன் கூடு இருக்கிறதா என்று பாருங்கள், ஆனால் கூட்டுக்குக் கிட்டே போகாதீர்கள். ஒருநாள் தவிட்டுக்குருவிகள் எட்டு ஒன்பது சேர்ந்து ஒரு காரைப் புதருக்கு மேல் நின்று கூச்சல் போட்டன. எழுந்து போகாமல் அவை எந்தப் பக்கம் மூக்கை நீட்டுகின்றன என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், கால்மணி நேரம் கழித்து ஒரு சாரை அந்தப் பக்கமாகவே இறங்கி ஏரிக்குள் போனது.

இனி தடம். இதற்கு ஏற்ற நேரம் காலை, வெயில் சாய்ந்து விழும்போது. தடம் உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவில் இருக்கும்படி நில்லுங்கள், பள்ளத்தில் நிழல் விழுந்து விளிம்பு எடுப்பாகத் தெரியும். உச்சி வெயிலில் அதே தடம் கண்ணுக்கே படாது.

காட்டு விலங்கிலிருந்து தொடங்காதீர்கள். வீட்டு நாய், பூனை, கோழி, ஆடு, மாடு இவற்றின் தடத்தை முதலில் மனப்பாடம் செய்யுங்கள். அவை நடந்து போவதைப் பார்த்துவிட்டு உடனே தரையைப் பார்க்கலாம், விடை கையிலேயே இருக்கிற கணக்கு மாதிரி. நாயின் தடத்தில் நகம் பதியும், பூனை நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு நடப்பதால் பதியாது, தடமும் வட்டமாக இருக்கும். மைனா நம்மைப் போல ஒரு கால் மாற்றி ஒரு கால் நடக்கும், தவிட்டுக்குருவியும் சிட்டுக்குருவியும் தத்தும், அதனால் அவற்றின் தடம் ஜோடி ஜோடியாக விழும். ஆடும் காட்டுப்பன்றியும் இரண்டுமே பிளந்த குளம்புதான், ஆனால் ஈர மண்ணில் பன்றியின் குளம்புக்குப் பின்னால் பக்கவாட்டில் இரண்டு சின்னக் குழிகள் சேர்ந்து விழும். முயல் ஓடும்போது பின்னங்கால் இரண்டும் முன்னங்காலைத் தாண்டி முன்னே விழும், ஆகவே பெரிய தடம் இருக்கும் பக்கம்தான் அது போன திசை. நான் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு ஒரு முழுக் காலை நேரம் எதிர்ப்பக்கம் தேடினேன். உடும்பு நடந்தால் நடுவில் வால் இழுத்த கோடும் இரண்டு பக்கமும் நகக் குறியும் இருக்கும். பாம்பின் நெளிவில் ஒவ்வொரு வளைவின் பின்பக்கமும் மண் லேசாகக் குவிந்திருக்கும், தள்ளிவிட்டு முன்னே போயிருக்கிறது என்று அர்த்தம். நரியா நாயா என்று ஒற்றைத் தடத்தை வைத்துச் சொல்வது கஷ்டம். பெரியவர் சொன்ன வழி, நடையைப் பார்ப்பது: நாய் மோந்து மோந்து அலைந்து போகும், நரி வேலையாகப் போகிறவனைப் போல நேராகப் போகும்.

தடமே கிடைக்கவில்லை என்றால் நீங்களே ஒரு மண் படுக்கை போடலாம். ஒற்றையடிப் பாதையிலோ வேலிச் சந்திலோ மூன்றடிக்கு மூன்றடி இடத்தில் சல்லடையில் சலித்த புழுதியை ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, சாயங்காலம் விளக்குமாற்றால் மெதுவாகச் சமன் செய்துவிட்டு வந்துவிடுங்கள். தீனி எதுவும் வைக்கக் கூடாது. காலையில் போய்ப் பாருங்கள். எங்கள் கொல்லைப்புறத்தில் முதல் நாளே பூனை, எலி, தேரை, பெயர் தெரியாத ஒரு வண்டு என நான்கு பேர் நடந்திருந்தார்கள்.

எவ்வளவு நேரத்துக்கு முந்தைய தடம் என்று கண்டுபிடிக்கவும் ஒரு வழி உண்டு. தினமும் ஒரே நேரத்தில் உங்கள் கட்டைவிரலை மண்ணில் அழுத்தி, பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, நேரத்தை எழுதிவையுங்கள். பத்து நாளில் பத்துக் குழிகள் வரிசையாக இருக்கும், வெயிலும் காற்றும் பனியும் விளிம்பை எப்படி உதிர்க்கின்றன என்று பார்த்தாலே கண்ணுக்குப் பழகிவிடும். நம் செம்மண்ணில் ஒரு மாதிரி, ஆற்று மணலில் வேறு மாதிரி. தடத்துக்குள் தூறல் புள்ளி விழுந்திருந்தால் மழைக்கு முன் போனது. தடத்துக்குள் குழியானைப் பூச்சி குழி பறித்திருந்தால் அது இப்போது போனதல்ல. எச்சத்தையும் விடாதீர்கள், ஆனால் கையால் தொடாமல் குச்சியால் பிரியுங்கள். ஆட்டுப் புழுக்கை நீளவாக்கில் இருக்கும், முயலுடையது உருண்டையாக, நார் நாராக இருக்கும். பாறை மேல் ஈச்சங்கொட்டை நிறைந்த எச்சம் கிடந்தால் மரநாயாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, நோட்டுக்கு வருவோம். சாதாரணக் கோடு போட்ட நோட்டு போதும், பேனா வேண்டாம், பனியில் மை ஊறிவிடும், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று நினைக்காதீர்கள், வருவதற்குள் பாதி மறந்து மீதி மாறியிருக்கும். எப்படி எழுதுவது என்று நான் ரொம்ப நாள் தடுமாறினேன், அப்புறம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த திணை இலக்கணமே கைகொடுத்தது. முதற்பொருள்: நிலமும் பொழுதும், அதாவது இடம், தேதி, நேரம், காற்று, மேகம், பிறை. கருப்பொருள்: விலங்கு, பறவை, மரம், பூ, நீர். உரிப்பொருள்: மனதில் என்ன ஓடியது. ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்த முறையும் நோட்டுக்கு நன்றாகப் பொருந்துகிறது, கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பகுதியாக ஒட்டுத்தாள் வைத்திருக்கிறேன்.

இடது பக்கம் பார்த்ததை மட்டும் எழுதுங்கள், நினைத்ததை வலது பக்கம். "நரி போனது" என்பது வலது பக்கம். "நகம் பதிந்த தடம், மூன்று விரற்கடை நீளம், நேர்வரிசை" என்பது இடது பக்கம். இந்த ஒரு பழக்கம்தான் என்னை அவசரப்பட்டு முடிவு கட்டாமல் காப்பாற்றியது. படமும் வரையுங்கள், வரையத் தெரியாது என்றாலும். தடத்தை அதே அளவில் வரைய முயலும்போதுதான் விரல் நான்கா ஐந்தா என்று எண்ணவே தோன்றும். கீரிக்கு ஐந்து விரல் என்று எனக்கு அப்படித்தான் தெரிந்தது. என் நோட்டிலிருந்து ஒரு பக்கம்:

"மாசி 9. காலை 6.30 முதல் 7.15. காற்று இல்லை, ஏரி மேல் லேசான பனி. மாம்பூ வாசனை கரை வரைக்கும். குயில் கிழக்கே, இரண்டு தடவை. மஞ்சள் வாலாட்டி 3, தண்ணீர் ஓரம். மயில் தடம் தெற்கே போகிறது, நடுவில் தோகை இழுத்த கோடுகள். / ஆண் மயிலாக இருக்கும். நாளைக்கும் இதே வழியில் வருமா?"

ஒரு வருடம் கழித்து இதே தேதியைத் திருப்பிப் பார்க்கும்போதுதான் இதன் அருமை தெரியும். புரட்டாசி ஐப்பசியில் வாலாட்டி எந்த நாளில் வந்தது, சித்திரைக்குள் எப்போது கிளம்பியது, புங்கமரம் எப்போது தளிர்த்தது, புரசு எப்போது பூத்தது, எல்லாம் உங்கள் கையெழுத்திலேயே இருக்கும். மரம் பூப்பதைக் குறித்தவர்கள் சீசன்வாட்ச் திட்டத்திலும், பறவைகளைக் குறித்தவர்கள் இ-பேர்ட் ஆப்பிலும் பதியலாம், ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கிறது. ஆனால் முதல் மூன்று மாதம் ஆப் எதுவும் வேண்டாம் என்பதே என் கருத்து. பெயரை அது சொல்லிவிட்டால் நாம் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம்.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி, ஓசூர் சுற்றுப்பகுதியில் இருப்பவர்கள் இருட்டிலும் விடிகாலையிலும் வெளியே போய் உட்கார வேண்டாம். ராகி முற்றும் காலத்தில், ஐப்பசியிலிருந்து மாசி வரை, கர்நாடகப் பக்கமிருந்து யானைக் கூட்டம் வருகிறது. நன்றாக வெயில் ஏறிய பிறகு, ஊரை ஒட்டிய இடத்தில், துணையோடு போங்கள். யானையின் முன்னங்கால் தடம் வட்டமாகவும் பின்னங்கால் தடம் நீள்வட்டமாகவும் இருக்கும், முன்னங்கால் தடத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய அதன் தோள் உயரம் வரும். ஆனால் விளிம்பு உதிராத புதுத் தடத்தையோ ஈரம் காயாத சாணத்தையோ பார்த்தால் அளந்துகொண்டு நிற்காமல் வந்த வழியே திரும்புங்கள். 2014-இல் அறிவித்த காவேரி வடக்கு சரணாலயமும் 2022-இல் அறிவித்த காவேரி தெற்கு சரணாலயமும் நம் இரண்டு மாவட்டத்திலும்தான் இருக்கின்றன. அங்கும் எந்தக் காப்புக்காட்டிலும் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. ஊருக்குள்ளேயும் பாறை இடுக்கில் கை விடாதீர்கள், சுருட்டை விரியன் நம் பக்கத்துப் பாறைக்காட்டில் சகஜம். உட்காரும் இடத்தைக் குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டு உட்காருங்கள், ஷூ போடுங்கள். கடித்துவிட்டால் 108-ஐக் கூப்பிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், கட்டுப் போடுவதோ கீறிவிடுவதோ கூடாது.

நம் பக்கத்து நிலங்களில் புலிகுத்திப்பட்டான் கல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், புலியோடு சண்டை போட்டு இறந்தவனுக்கு எடுத்த நடுகல். மாடு மேய்க்கப் போன அந்த ஆளுக்குப் பட்டியைச் சுற்றி யார் வந்து போனார்கள் என்று காலையில் தரையைப் பார்த்துச் சொல்லத் தெரிந்திருக்கும் என்று அந்தக் கற்களைத் தாண்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். நமக்கும் கற்றுக்கொடுக்க ஆள் இன்னும் இருக்கிறார்கள். ஆடு மேய்ப்பவர்கள், ராத்திரிக் காவல் இருக்கும் விவசாயிகள், மலைக்கிராமத்துக்காரர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இது என்னங்க தாத்தா?" என்று கேட்டுப் பாருங்கள்.

தொடங்க நாள் பார்க்க வேண்டும் என்றால் மழை பெய்த மறுநாள் காலையைத் தேர்ந்தெடுங்கள். பழைய தடம் எல்லாம் அழிந்து தரை சிலேட்டு மாதிரி இருக்கும், அதில் இருப்பது அத்தனையும் மழை விட்ட பிறகு நடந்தவர்களுடையது. யானை வரும் பகுதியாக இல்லாவிட்டால் ஆறரை மணிக்குப் போங்கள், எட்டு மணிக்குள் ஆடுகள் வந்து எல்லாவற்றையும் மிதித்துவிடும்.