மொட்டைமாடியிலிருந்து கார்த்திகைக் கூட்டம்

திருவொற்றியூரில் எங்கள் மொட்டைமாடிக்குக் கிழக்கே கடல், தெற்கே துறைமுகத்தின் வெளிச்சம். அடிவானத்தை மறந்துவிடுங்கள், நமக்கு வாய்த்தது உச்சிவானம்தான். ஜனவரி நடுவில் இரவு எட்டு மணிவாக்கில் கார்த்திகை விண்மீன் கூட்டம் ஏறக்குறையத் தலைக்கு மேலே நிற்கும்.

கேமராவை முக்காலியில் பூட்டி 50 மி.மீ. லென்ஸை மாட்டுங்கள். ஆட்டோஃபோகஸ் இருட்டில் தடுமாறும். பக்கத்தில் செம்மஞ்சளாக மின்னும் ரோகிணி விண்மீனைத் திரையில் பெரிதாக்கி, ஃபோகஸ் வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். புள்ளி மிகச் சிறிதாகும் இடத்தில் நிறுத்தி, வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். ஒருமுறை ஒட்டாமல் விட்டேன். முழங்கை பட்டு, இருநூறு படங்களிலும் விண்மீன்கள் வடை வடையாக வந்தன.

ஷட்டர் 5 நொடி, லென்ஸின் திறப்பு எஃப் 2.8, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 1600. நேரத்தைக் கூட்டினால் பூமியின் சுழற்சியில் விண்மீன் கோடாக இழுபடும். வானம் வெளுத்தால் ஐ.எஸ்.ஓ.வைக் குறையுங்கள். நூறு படங்களை மென்பொருளில் அடுக்கிச் சராசரி எடுத்தால் இரைச்சல், அதாவது படத்தில் தெரியும் புள்ளிப் பிசிறு, சுமார் பத்தில் ஒரு பங்காகிவிடும். நகரத்தின் மங்கல் ஒளி மட்டும் போகாது, அதைத் தனியாகக் கழிக்க வேண்டும்.

கடற்காற்றில் லென்ஸ் பிசுபிசுக்கும். சட்டை நுனியால் துடைக்காதீர்கள், உப்பு கீறிவிடும்.