ஏலம் கூறியவருக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதுவது எப்படி?

நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களில் ஒருவர் காலமானால், அடக்க ஆராதனையிலோ பின்னர் நடக்கும் நினைவு ஆராதனையிலோ அவருடைய வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பது வழக்கம். பிறந்த தேதி, படித்த பள்ளி, வகித்த பொறுப்பு, விட்டுச்சென்ற மக்கள் என்று அது பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கும். ஆசிரியருக்கும் அரசு ஊழியருக்கும் அந்த வார்ப்பு ஓரளவு பொருந்திவிடும். ஏலம் கூறியே பிழைத்தவருக்குப் பொருந்தாது. அவர் செய்த வேலையெல்லாம் குரலாகவே போய்விட்டது. வாழை மண்டியில் ஏலம் கூறியவரும், விளைச்சலுக்கு நன்றி சொல்லிக் காணிக்கை படைக்கும் அறுப்பின் பண்டிகையில் ஆண்டுதோறும் எங்கள் ஆலயத்து ஏலத்தை நடத்தியவருமான என் தாய்மாமாவுக்கு அந்தக் குறிப்பை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தபோது தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

தேதிகளை முதலிலேயே முடித்துவிடுங்கள். ஞானஸ்நானம், திடப்படுத்தல் (சபையின் முழு அங்கத்தினராக ஏற்கும் சடங்கு), திருமணம் ஆகியவை ஆலயப் பதிவேடுகளில் இருக்கும். சேகர குருவானவரை, அதாவது அந்தப் பகுதிச் சபைகளுக்குப் பொறுப்பான போதகரைக் கேட்டால் எடுத்துப் பார்த்துச் சொல்வார். பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதி பதிவேட்டோடு ஒத்துப்போகாவிட்டால் திகைக்க வேண்டாம். பள்ளியில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டிச் சொன்ன தலைமுறை அது.

அடுத்து, அவர் நடத்திய ஏலம் எத்தகையது என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். மண்டியில் விவசாயி கொண்டுவந்த தார்களை ரகம் பார்த்து வரிசையாக அடுக்குவார்கள். வியாபாரிகள் சீப்பை எண்ணி, காயின் திரட்சியைப் பார்த்துக் கேட்பார்கள். கமிஷனைக் கழித்துக்கொண்டு விவசாயிக்குச் சிட்டை கொடுப்பார்கள். விற்பவர், வாங்குபவர் இருவருமே மறுநாளும் அங்கு வர வேண்டியவர்கள் என்பதால், ஏலம் கூறுபவர் ஒரு பக்கம் சாய்ந்தால் தொழிலே நிற்காது. ஆலய ஏலமோ சந்தை விலைக்குக் கட்டுப்படாதது. காணிக்கையாக வந்த பூசணிக்காயையும் சேவலையும் தேங்காயையும் சபையார் பல மடங்கு விலைக்குக் கேட்பார்கள். எடுத்தவரே பொருளைத் திருப்பிக் கொடுத்து மறுபடியும் ஏலம் விடச் சொல்வதும் உண்டு. சேரும் தொகை ஆலய நிதிக்குப் போகும். இந்த இரண்டையும் நடத்திய ஒருவரைப் பற்றி எழுதுகையில், அவருடைய சாமர்த்தியத்தை ஆலய வளாகத்திலும் விசுவாசத்தை மண்டியிலும் தேடுங்கள் என்பது என் யோசனை. பலரும் இதைத் தலைகீழாகச் செய்து, “ஜெப வீரர், ஆலயத் தூண்” என்று எந்தப் பெரியவருக்கும் பொருந்தும் சொற்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இதற்குக் குடும்பத்தாரை மட்டும் கேட்டால் போதாது. ஏலக் கணக்கு எழுதியவர், மண்டியில் தார் இறக்கியவர், அவரிடம் அடிக்கடி சண்டை பிடித்த வியாபாரி ஆகியோரைத் தேடிப் போங்கள். “எப்படிப்பட்ட மனிதர்?” என்று கேட்டால் “தங்கமான மனிதர்” என்றுதான் பதில் வரும். “கையில் பொருளை எப்படிப் பிடிப்பார்? ‘இரண்டு தரம்’ என்பதற்கும் ‘மூன்று தரம்’ என்பதற்கும் நடுவே எவ்வளவு நேரம் நிறுத்துவார்? தொண்டை கட்டினால் என்ன செய்வார்?” என்று கேளுங்கள். மாமா சட்டைப் பையில் பனங்கற்கண்டு வைத்திருந்தார் என்பதும், விலை கேட்பது நின்றுபோகும்போது ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு கூட்டத்தைச் சுற்றிப் பார்ப்பார் என்பதும் இப்படித்தான் எனக்குக் கிடைத்தன.

கணக்கு எழுதியவர் சொன்னது அதைவிடப் பெரியது. ஒரு பாட்டி முந்தானையில் முடிந்து கொண்டுவந்த மூன்று முட்டைகளை, மேசையில் முதலில் வந்திருந்தும், மாமா தொடக்கத்தில் எடுக்கவில்லையாம். கூட்டம் சூடு பிடிக்காத நேரத்தில் கூறியிருந்தால், அந்தப் பாட்டியின் கண்முன்னே அவை அற்ப விலைக்குப் போயிருக்கும். ஆட்டுக் கிடாயை இரண்டு குடும்பங்கள் போட்டி போட்டு ஏற்றி முடித்த அதே மூச்சில் முட்டைகளை உயர்த்திப் பிடித்திருக்கிறார். மண்டியிலோ, அடிபட்ட சீப்பு பின்பக்கம் மறைந்திருந்தால் தாரைத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் கூற ஆரம்பிப்பாராம். அதனால் தனக்குப் பலமுறை விலை குறைந்தது என்று ஒரு விவசாயி இன்றும் மனக்குறையோடு சொன்னார். அந்தக் குறையையும் குறிப்பில் சேர்த்தேன். வீட்டில் சிலருக்குப் பிடிக்கவில்லை என்றாலும், கேட்டவர்கள் நம்பியது அந்த வரியைத்தான்.

சேர்க்கக் கூடாதவையும் உண்டு. ஏலம் எடுத்துவிட்டுப் பணம் கட்டாதவர், வீம்புக்கு விலை ஏற்றி வீட்டில் திட்டு வாங்கியவர் போன்ற கதைகள் சுவையாக இருந்தாலும் பெயரோடு வேண்டாம். பெயரை விட்டாலும் சிறிய ஊரில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். “கர்த்தர் மூன்று தரம் கூறி அழைத்துக்கொண்டார்” என்ற வாசகத்தை யாராவது கட்டாயம் சொல்லித் தருவார்கள், அதையும் தவிர்த்துவிடுங்கள். கணவரை இழந்து முன் வரிசையில் அமர்ந்திருப்பவருக்கு அது சிலேடையாகக் கேட்காது.

வேதவசனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய தொழிலுக்கு நெருங்கியதாகப் பாருங்கள். வாங்கும்போது பொருளை நல்லதல்ல என்று குறைசொல்லிவிட்டு, அப்பால் போய் மெச்சிக்கொள்ளும் ஆளைப் பற்றி நீதிமொழிகள் 20ஆம் அதிகாரம் 14ஆம் வசனம் பேசுகிறது. மண்டியில் மாமா வியாபாரிகளிடம் சிரித்தபடி சொல்லிவந்தது அதுவே என்பதால் அதையே எடுத்தேன். மண்டியிலிருந்து வரும் மற்ற மதத்தவரும் ஆராதனையில் இருப்பார்கள். ஆகவே சபைக்குள் மட்டும் விளங்கும் சொற்களைக் குறைத்து எழுதுங்கள்.

ஏலக் காட்சியில் தொடங்கி, பிறப்பு, குடும்ப விவரங்களை நடுவில் சுருக்கமாகச் சொல்லலாம். உரக்க வாசித்துப் பார்த்து, ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் பொறுப்புகளின் பட்டியலில் கை வையுங்கள், முட்டைகளில் வேண்டாம். அச்சுக்குக் கொடுக்கும் முன் பேரப்பிள்ளைகளின் பெயர்களை அவரவர் தாயாரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டதால், அச்சான நூறு பிரதிகளிலும் ஒரு பேத்தியின் பெயரை நான் பேனாவால் திருத்த வேண்டியதாயிற்று.