கோட் எழுதும் முன்பே டெஸ்டரைக் கூப்பிடுங்கள்

சாஃப்ட்வேர் டீமில் இரண்டு வார ஸ்பிரிண்ட், அதாவது ஒரு வேலைச் சுற்று. எட்டு நாள் கோடிங், கடைசி இரண்டு நாளில் டெஸ்டர் தலையில் எல்லாம் வந்து விழும். பெயர்தான் அஜைல் (சின்னச் சின்னச் சுற்றாக எழுதி, கூடவே சோதிக்கும் முறை), நடப்பது பழைய கதை.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஸ்டோரியை (செய்ய வேண்டிய ஒரு வசதியின் சிறு குறிப்பு) கையில் எடுக்கும் முன் பிராடக்ட் ஓனர் (என்ன வேண்டும் என்று முடிவு செய்பவர்), டெவலப்பர், டெஸ்டர் மூவரும் இருபது நிமிடம் உட்காருங்கள். ‘த்ரீ அமிகோஸ்’ என்பார்கள். பேச்சு உதாரணங்களில் இருக்கட்டும்.

"500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம்" என்று ஸ்டோரி இருக்கிறது. சரியாக 500 என்றால்? டெவலப்பர் > (500-க்கு மேல்) போட்டிருப்பார், பிராடக்ட் ஓனர் மனதில் இருந்தது >= (500-ம் சேர்த்து). 520 ரூபாய் பில், 50 ரூபாய் கூப்பன் போட்டதும் 470 ஆகிறதே, அப்போதும் இலவசமா? எங்கள் டீமில் கூப்பன் கேள்வியை ரிலீசுக்கு முதல் நாள் இரவுதான் ஒருவர் கேட்டார். அன்று யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

499, 500, 501, கூப்பனோடு 520. இந்த நாலையும் ஸ்டோரியிலேயே எழுதிவிடுங்கள். டெவலப்பர் அவற்றையே யூனிட் டெஸ்டாக (கோடின் சிறு பகுதியைச் சோதிக்கும் கோட்) எழுதி, ஒவ்வொரு கமிட்டிலும் (கோட் மாற்றத்தைப் பதிவு செய்யும்போதெல்லாம்) தானாக ஓடவிடலாம். அந்த வேலை முடிந்தால், டெஸ்டருக்கு நெட் பாதியில் அறுந்தால் என்ன ஆகும், பட்டனை இருமுறை அழுத்தினால் என்ன ஆகும் என்று நோண்டிப் பார்க்க நேரம் கிடைக்கும்.

இன்னொன்று: பக் வந்தால் உடனே ஃபிக்ஸில் கை வைக்காதீர்கள். அந்தப் பக்கைப் பிடிக்கும் டெஸ்டை முதலில் எழுதி, அது ஃபெயில் ஆவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திருத்துங்கள்.